மாம்பழம் தரம் பிரிக்கும் கேமரா எந்திரத்தில் நேரம் அமைப்பது எப்படி?

மாம்பழத்தைக் கேமராவால் பார்த்துத் தரம் பிரிக்கும் எந்திரங்கள் சிப்பம் கட்டும் கூடங்களுக்கு வந்துவிட்டன. எந்திரம் பிரித்த கணக்குப்படி விலை போடும் இடத்தில், நல்ல பழம் கழிவுக் கூடையில் விழுந்தால் நட்டம் உழவருக்கே. அப்போது கேமராவைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் கேமரா சரியாகப் பார்த்திருந்தும், தள்ளுகட்டை நேரம் தவறிப் பக்கத்துப் பழத்தைத் தள்ளியிருக்கலாம். குழுவாகச் சேர்ந்து எந்திரம் வைத்திருப்போர் இந்த நேரக் கணக்கை அறிந்திருக்க வேண்டும்.

ஓடும் பெல்ட்டின் ஓரத்தில் ஒளிக்கதிர் சென்சார் ஒன்று இருக்கும். பழத்தின் முன்முனை கதிரை மறைத்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சைகை போகும். இதுவே டிரிக்கர். பெட்டி சற்றுப் பொறுத்து, பழம் கேமராவுக்கு நேர் கீழே வந்ததும் படம் எடுக்கும். படத்தை ஆராய்ந்தபின், பழம் தள்ளுகட்டைக்கு எதிரே வரும்போது காற்று வால்வுக்கு மின்சைகை கொடுக்கும்.

பெல்ட் விநாடிக்கு 50 செ.மீ. ஓடுவதாகக் கொள்வோம். சென்சாரிலிருந்து கேமராவின் நடுப்பகுதி 20 செ.மீ.; பழத்தின் நீளம் 10 செ.மீ. பழத்தின் நடுப்பகுதி கேமராவுக்குக் கீழே வர 25 செ.மீ. ஓட வேண்டும். ஆகவே டிரிக்கர் தாமதம் அரை விநாடி, அதாவது 500 மில்லி விநாடி. தள்ளுகட்டை சென்சாரிலிருந்து 100 செ.மீ. தள்ளி இருந்தால் 105 செ.மீ.க்கு 2,100 மில்லி விநாடி ஆகும். வால்வு திறந்து கட்டை நீள 50 மில்லி விநாடி பிடிக்குமானால் அதைக் கழித்து 2,050 என்று வைக்கவும்.

இந்தத் தாமதத்தை டிரிக்கர் வந்த நேரத்திலிருந்தே எண்ணும்படி அமைக்க வேண்டும். படத்தை ஆராய்ந்து முடித்தவுடன் சைகை போகும்படி விட்டால், ஆராயும் நேரம் பழத்துக்குப் பழம் மாறுவதால் கட்டையும் முன்பின்னாக அடிக்கும். சைகை நீடிக்கும் நேரமும் முக்கியம். 100 மில்லி விநாடிக்குள் பெல்ட் 5 செ.மீ. நகர்ந்துவிடும். நீளமாக வைத்தால் அடுத்த பழமும் அடிபடும்.

காம்பு முதலில் கதிரை மறைத்து, பிறகு பழம் மறைத்தால் ஒரே பழத்துக்கு இரண்டு டிரிக்கர் வரக்கூடும். முதல் டிரிக்கருக்குப் பின் சிறிது நேரம் வேறு டிரிக்கரை ஏற்காதபடி அமைத்தால் இது நீங்கும்.

பெல்ட் வழுக்கினாலும் வேகம் மாறினாலும் மேற்சொன்ன கணக்கு முழுவதும் தவறிவிடும். உருளையில் என்கோடர் பொருத்தி, நேரத்துக்குப் பதில் ஓடிய தூரத்தை எண்ணச் செய்வதே நிலையான வழி. செலவு கூடினாலும் இதையே சிபாரிசு செய்யலாம்.

கட்டை எதைத் தள்ள வேண்டும்? கழிவைத் தள்ளும்படி அமைத்தால், டிரிக்கர் தவறிய அழுகல் பழம் நேரே நல்ல பெட்டிக்குப் போய்விடும். நல்ல பழத்தைத் தள்ளும்படி அமைத்தால், தவறியவை பெல்ட்டின் கடைசியில் விழும். அவற்றைத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். பழம் அடிபடாதிருக்கக் கட்டைக்கு ரப்பர் பஞ்சு ஒட்டி, காற்றழுத்தத்தைக் குறைக்கவும்.

தினமும் வேலை தொடங்குமுன், தள்ளப்பட வேண்டிய பழம் ஒன்றைத் தள்ளப்படக் கூடாத பழங்களுக்கு நடுவே வைத்து ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பின்னால் வரும் பழம் தள்ளப்பட்டால் தாமதம் அதிகம். முன்னால் சென்ற பழம் தள்ளப்பட்டால் தாமதம் போதாது. ஒழுங்கின்றி எங்கெங்கோ தவறினால் வெளிச்சத்தையும் கேமராக் கண்ணாடியில் படிந்த தூசியையும் கவனியுங்கள். பெல்ட்டை இறுக்கிய அன்றும், வேறு ரகப் பழம் போடும் அன்றும் இச்சோதனையை மறுபடி செய்யவும்.