முன்கழுத்துக் கழலையும் மூன்று முறை மாறிய உப்பு விதியும்

புது தில்லி:

கழுத்தின் முன்புறம் கட்டி புடைத்த நிலையில் வாழ்வோரை இமயமலை அடிவாரத்திலும் பிகார், கிழக்கு உத்தரப் பிரதேசச் சமவெளிகளிலும் தலைமுறை தலைமுறையாகக் காணலாம். இந்தியில் இதற்குக் 'கேங்கா' என்று பெயர். தைராய்டு சுரப்பி வீங்குவதே இந்த முன்கழுத்துக் கழலை. மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிட்ட பகுதிகளில், கிடைக்கும் சிறிதளவு அயோடினைப் பிடித்துக்கொள்ளச் சுரப்பி தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது முடிச்சு முடிச்சாகத் திரள்கிறது.

முடிச்சு என்றவுடன் கத்தி வேண்டும் என்பதில்லை. முடிச்சு தோன்றுவதற்கு அயோடின் குறைவு மட்டுமே காரணமும் அன்று. பெரும்பாலானவை தீங்கற்றவை, ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் திசுவை எடுத்துச் சோதித்து, கண்காணித்து வந்தாலே போதும். புற்றுநோய் ஐயம் எழுந்தாலோ, வீக்கம் மூச்சுக்குழலை அழுத்தினாலோ, நெஞ்செலும்புக்குப் பின்னே இறங்கிவிட்டாலோ அறுவைச் சிகிச்சை அவசியமாகிறது.

அது எளிய அறுவை அன்று. சுரப்பியின் இருபுறமும் ஒட்டிச் செல்லும் நரம்புக்கு ஊறு நேர்ந்தால் குரல் கம்மிவிடும். பின்புறம் பருப்பளவே உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் குறைந்து கை கால்கள் இழுத்துக்கொள்ளும். முழுச் சுரப்பியையும் அகற்றியவர் ஆயுள் முழுவதும் நாள்தோறும் லெவோதைராக்சின் மாத்திரை விழுங்கியாக வேண்டும். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ள அம்மாத்திரைக்கு அரசு விலை உச்சவரம்பு விதித்துள்ளது. மலைக் கிராமத்திலிருந்து இரத்தப் பரிசோதனைக்கு வந்துபோகும் செலவுக்கு எந்த உச்சவரம்பும் இல்லை.

திரண்டுவிட்ட முடிச்சை உப்பு கரைக்காது. குழந்தைப் பருவத்திலிருந்தே அயோடின் கிடைத்தால் கழலை உருவாவதைப் பெருமளவு தடுக்கலாம். இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு இதை நிரூபித்தது. அயோடின் கலந்த உப்பு வழங்கிய பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்பு வழங்கிய பகுதியில் அத்தகைய மாற்றம் இல்லை. அதன் பயனாகவே 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது.

ஆனால், அறிவியல் முடிவான பின்பும் அரசியல் முடிவாகவில்லை. அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்க மத்திய அரசு 1998-ல் தடை விதித்தது. தனிமனித விருப்பத்தில் கட்டாயம் கூடாது என்று கூறி, வாஜ்பாய் அரசு 2000-ல் அத்தடையை நீக்கியது. சிறு உப்பு உற்பத்தியாளர்களின் கவலையும் காந்தியவாதிகளின் எதிர்ப்பும் அப்போது ஓங்கி ஒலித்தன. அவர்களது கவலை நியாயமற்றதன்று. எனினும் அதற்கு மருந்து, சிறு உற்பத்தியாளர்களுக்கு அயோடின் கலக்கும் வசதி செய்து தருவதே. போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் 1998-99-ல் 49 சதவீதமாக இருந்தன. 2002-04 ஆய்வில் இது சுமார் 30 சதவீதமாகச் சரிந்தது.

அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2005 நவம்பரில் தடை மீண்டும் அறிவிக்கப்பட்டு 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அது உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் வரம்புக்கு உட்பட்டதன்று என 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்று ஏற்பாடு செய்ய ஆறு மாத அவகாசமும் தந்தது. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இடம்பெற்றது.

தமிழக வாசகர்களுக்கு இது தொலைவிலுள்ள மலைநாட்டுச் செய்தி அன்று. 2018-19 தேசிய அயோடின் ஆய்வின்படி, போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் நாடு முழுவதும் 76.3 சதவீதம். உப்பு உற்பத்தியில் முன்னணி மாநிலங்களுள் ஒன்றான தமிழகத்திலோ 61.9 சதவீதம்; மாநிலங்களில் இதுவே மிகக் குறைவு. தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து அருகிலுள்ள ஊர்களுக்கு மூட்டையாகச் செல்லும் கல் உப்பில் அயோடின் உள்ளதா, சில்லறைக் கடையில் பத்து லட்சத்தில் 15 பங்கு என்ற அளவு எட்டப்படுகிறதா என்பதைச் சோதிக்க வேண்டிய பொறுப்பு மாநில உணவுப் பாதுகாப்புத் துறையினுடையது.