ஆணி அடிக்கும் முன்...

வாடகை ஃப்ளாட்டுக்குக் குடிபோனதும் சுவாமி படம் மாட்டச் சுவரில் துளை போடுகிறோம். உள்ளே வயர் எங்கே ஓடுகிறது என்று சொல்லத்தான் ஆளிருக்காது. டிரில் முனை அதில் பட்டால் 230 வோல்ட்!

வயரின் வழியை ஓரளவு ஊகிக்கலாம். சீலிங்கிலிருந்து சுவிட்ச்போர்டுக்கு பைப் பெரும்பாலும் நேராக இறங்கும். அங்கிருந்து பிளக் பாயிண்டுக்குக் கீழாகவோ கிடையாகவோ போகும். எனவே போர்டுக்கு நேர் மேலும் கீழும், இரு பக்கமும் துளையிட வேண்டாம். சுவரின் மறுபக்கத்திலுள்ள போர்டையும் கணக்கில் கொள்ளுங்கள். குறுக்கே வெட்டிப் பதித்த பைப்பும் உண்டு. ஆகையால் ஊகம் மட்டும் போதாது.

தொடாமல் காட்டும் டெஸ்டர், மின்னழுத்தம் உள்ள வயரை மட்டுமே காட்டும். ஆகவே எல்லா சுவிட்சுகளையும் போட்டுவிட்டுத் தேடுங்கள். இரும்புப் பைப்புக்குள் உள்ள வயர் அதற்குத் தெரியாது. அதற்கு உலோகம் காட்டும் கருவி வேண்டும். எந்தக் கருவியும் காட்டவில்லை என்பதற்காக வயரே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

துளையிடும்போது மெயினை அணைத்துவிட்டு பேட்டரி டிரில்லைப் பயன்படுத்துவதே உத்தமம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மெயினை அணைத்தாலும் அது விளக்கு வயர்களுக்கு மின்சாரம் தரும்.

"எம்.சி.பி. இருக்கிறதே" என்பார்கள். அது வயரைக் காப்பது. ஆளைக் காக்க, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். உங்கள் வீட்டில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.