வாழ்வின் சிறுபோகம்

மக்கள் வாழ்வைப் பிரமசரியம், கிருகத்தம், வானப்பிரத்தம், சந்நியாசம் என நான்கு நிலைகளாக நம் முன்னோர் வகுத்தனர். இவற்றுள் முதலிரண்டு பற்றி நாம் நிரம்பப் பேசுகின்றோம். கல்வி, உத்தியோகம், விவாகம், மக்கட்பேறு யாவும் அவற்றுள் அடங்கும். மூன்றாம் நிலை பற்றியோ ஓய்வூதியம், நோய், கோயில் வழிபாடு என்பவற்றுக்கு மேல் பேசுவாரைக் காண்டல் அரிது. நாற்பதைக் கடந்தவன் ‘இனி என்ன இருக்கிறது?’ என்று தளர்வது வழக்காகிவிட்டது. அத்தளர்ச்சி பொருந்துமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னியிற் பிறந்தோர்க்கு இதனை விளக்க நூல் வேண்டா, வயலே போதும். மாரி மழையை நம்பி விதைப்பது காலபோகம். அவ்வறுவடை முடிந்தபின், குளத்தில் எஞ்சிய நீரை அளந்து, கமக்காரர் கூடி, இத்துணை ஏக்கர் என வரையறுத்துச் செய்வது சிறுபோகம். அதன் பரப்புங் குறைவு. அதற்குரிய நீருங் குறைவு. ஆயினும், கையில் உள்ளது இவ்வளவு என்று அறிந்து செய்யும் வேளாண்மை அது. வாழ்வின் பிற்பாதியும் அத்தகையதே.

இதற்குச் சான்றாக ஈழநாட்டார் முதற்கண் நினைக்கத்தக்கவர் சி. வை. தாமோதரம்பிள்ளை ஆவர். 1832இல் சிறுப்பிட்டியிற் பிறந்த இவர் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, சென்னை சென்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராய்த் திகழ்ந்தார். பின்னர் நெடுங்காலம் அரசாங்கக் கணக்குப் பகுதியிற் கடமை புரிந்து, 1882இல் ஓய்வு பெற்றார். அப்போது அவர்க்கு வயது ஐம்பது. கணக்கேடுகளை மூடி வைத்த அக்கைகள் ஓலை ஏடுகளை விரித்தன. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணியும் இலக்கண விளக்கமும், 1891இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம் என அவர் பதிப்புக்கள் வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அக்கலித்தொகையே. இவற்றுக்கிடையே, 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றினார். ஐம்பதோடு அவர் அமைந்திருப்பாராயின், செல்லரித்த ஏடுகள் பல அச்சுக்கு வருமுன்னரே மண்ணாகியிருத்தல் கூடும்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் மற்றொரு சான்று. 1851இற் பிறந்த அவர் 1906இல் சொலிசிற்றர் ஜெனரல் பதவியினின்றும் ஓய்வு பெற்றார். மருதனார்மடத்தில் மகளிர் கல்லூரியை நிறுவியது 1913இல். திருநெல்வேலியிற் பரமேசுவரக் கல்லூரியை நிறுவியது 1921இல், எழுபதாம் வயதில். யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் 1974இல் தொடங்கியபோது அதற்கு இருப்பிடமாயது அப்பரமேசுவரக் கல்லூரியே. கிழவர் ஒருவர் நட்ட மரத்தின் நிழலில் இன்று ஆயிரக்கணக்கான இளைஞர் இருந்து கற்கின்றனர்.

இவர்தம் வாழ்வினின்றும் நாம் அறியத்தக்கன மூன்று. முதலாவது, பிற்பாதியின் விளைவுக்கு வித்து முற்பாதியிலேயே உண்டு என்பது. தாமோதரம்பிள்ளை இருபதைக் கடந்த பருவத்திலேயே நீதிநெறிவிளக்கத்தைப் பதிப்பித்தவர். 1868இல், அரசாங்கக் கடமைக்கிடையே, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டவர். முற்றும் புதியது போலத் தோன்றுவதற்கும் பழைய வேர் இருக்கும். அறுபதைக் கடந்து ஓவியரான இரவீந்திரநாத தாகூர், தம் கவிதைக் கையெழுத்துப் படியில் அடித்த சொற்களை உருவங்களாக வளைத்து வரைந்தே அக்கலையுட் புகுந்தார். 1930இல் பாரிஸ் நகரில் அவர் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆதலின் ஓய்வு பெறும் நாளில் வித்தைத் தேடுதல் நன்றன்று. இன்றே ஒரு பிடி எடுத்து வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, நீரளவு அறிதல். பல வயல்களுக்குப் பாய்ச்ச முயல்வோன் ஒன்றையும் விளைவிக்கான். பத்துச் சங்கங்களில் தலைமை வகிப்பதினும் ஒரு பணியை முற்றச் செய்தல் மேலானது.

மூன்றாவது, முதுமைக்கே உரிய செல்வத்தை முதலாக்குதல். இளைஞர்க்கு வலிமை உண்டு. முதியோர்க்கு நினைவு உண்டு. உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல். அகவை எண்பத்தைந்தை எட்டிய காலம் அது. அந்நினைவு எழுத்தாகாதிருப்பின், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய தமிழ்க் கல்வியின் உண்மை உருவத்தை நாம் எங்ஙனம் காண்போம்?

‘அவர்கள் பெரியோர், எம்மால் யாது இயலும்?’ எனச் சிலர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை நம் ஊர்களிலேயே உள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது நூல்களோடு சுவடிகளும் எரிந்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வன்னி மக்கள் காணி உறுதியையும் குடும்பப் படங்களையும் வழிநெடுக இழந்தனர். இழந்தவற்றுட் பல இன்று முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. எந்தக் குளத்துக்கு எவ்வாறு பெயர் வந்தது, அரிவு வெட்டும்போது எதனைப் பாடினர், கோவலன் கூத்தில் எந்த மெட்டை எவர் பாடுவர் என்பனவற்றைப் பதிவு செய்யப் பட்டம் வேண்டா. ஓர் அப்பியாசக் கொப்பியும் பேனையும் பொறுமையுமே வேண்டும். கணக்காளராயிருந்தவர் ஊர்க்குளத்தின் வரலாற்றை எழுதலாம். தாதியாயிருந்தவர் நாட்டு மருந்துப் பெயர்களைத் தொகுக்கலாம். கமக்காரர் மறைந்துவரும் நெல்லினங்களைச் சொல்ல, அவர் பேரன் எழுதலாம்.

பழைய மாணவர்களே, கல்லூரி நமக்கு எழுத்தறிவித்தது உத்தியோக விண்ணப்பம் எழுதுதற்கு மட்டுமன்று. நம்முள் எழுபது வயதினர் ஒருவர் மறையுந்தோறும், எவரும் படியெடுக்காத ஏடு ஒன்று மறைகின்றது. குளத்தில் நீர் இருக்கும்போதே விதைத்தல் வேண்டும். அடுத்த மலர் வெளிவரும் நாளில், ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு கொப்பியேனும் கல்லூரி நூலகத்தை அடையுமாயின், நம் சிறுபோகமும் விளைந்ததென மகிழலாம்.