பி.சி.ஆர். சட்டமும் தன்பாலீர்ப்பாளர் உரிமையும்



இவ்வாண்டு நினைவுச் சொற்பொழிவுக்குத் தன்பாலீர்ப்பாளர் உரிமையைப் பொருளாக எடுத்தபோது, இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று அமைப்புக்குள்ளேயே கேள்வி வந்தது. தோழமைக்காகப் பேசுகிறோம் என்று சொல்லி அதைக் கடந்துவிடலாம். ஆனால் தோழமைக்கு முன்னால் சட்டம் சார்ந்த ஒரு தொடர்பு இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

நம் ஊர்களில் இன்றும் "பி.சி.ஆர். கேஸ் போட்டுட்டாங்க" என்கிறார்கள். வழக்கு பெரும்பாலும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கும். பேச்சில் நிலைத்திருப்பது பழைய சட்டத்தின் பெயர். 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாகப் பிறந்து, 1976 திருத்தத்தில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது அது. (குடியுரிமை என்றாலே இப்போது என்.ஆர்.சி.யும் பாஸ்போர்ட்டும் நினைவுக்கு வருவதால் இங்கே குடிமை உரிமை என்றே எழுதுகிறோம்.) அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவு குடிமை உரிமைக்கு இலக்கணம் சொல்கிறது: அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததால் ஒருவருக்குக் கிடைக்கும் எந்த உரிமையும் குடிமை உரிமைதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தோடு சேர்த்தே உலகம் அறிந்த அந்தச் சொல்லுக்கு, நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் தீண்டாமை ஒழிப்பு என்று பொருள்.

இந்த உரிமை யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசை நோக்கியவை. பேச்சுரிமையைப் பறிக்காதே என்று நாம் சொல்வது அரசிடம். ஆனால் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தது அரசு அல்ல. முடிவெட்ட மறுத்ததும், தெருவில் செருப்போடு நடக்காதே என்றதும் பக்கத்துத் தெருக்காரர்கள். ஆகவே நமக்கு வேண்டியிருந்தது குடிமகனிடமிருந்து குடிமகனைக் காக்கும் உரிமை. 17ஆம் பிரிவும் 15(2)ஆம் பிரிவும் அதற்காக எழுதப்பட்டவை. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இந்த இரண்டும் விவாதத்துக்கு வந்தன. 15(2)இல் உள்ள 'கடை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அப்போது கேட்டார்கள். சாமான் விற்கும் இடம் மட்டுமல்ல, சலவைக்காரரும் முடிதிருத்துபவரும் உள்பட, நாடி வருவோருக்குச் சேவை தர முன்வரும் எவருடைய இடமும் கடைதான் என்று பாபாசாகேப் அம்பேத்கர் விளக்கினார். தனியார் கல்வி நிறுவனங்களை அந்தச் சொல்லுக்குள் கொண்டுவர 2011இல் உச்ச நீதிமன்றத்துக்கு இந்த விளக்கம் கைகொடுத்தது.

இனி 377க்கு வருவோம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் ஒரே பாலினத்தவரின் உடலுறவை 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்ற தலைப்பின் கீழ் வைத்து, ஆயுள் தண்டனை வரை விதித்தது. 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம் நாஸ் அறக்கட்டளை வழக்கில், வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஏ.பி. ஷாவும் எஸ். முரளிதரும் அதற்கு ஆதாரமாக எடுத்தவற்றுள் ஒன்று, 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் ஆற்றிய உரையில் வரும் அரசமைப்பு அறம் என்ற கருத்து. பெரும்பான்மையின் ஒழுக்கம் வேறு, அரசமைப்பின் அறம் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். 15ஆம் பிரிவில் 'பால்' என்ற சொல்லுக்குள் பாலீர்ப்பும் அடங்கும் என்றும், 15(2) தனிமனிதர்களையும் கட்டுப்படுத்துகிறது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிறு பகுதியினர்தானே என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. எண்ணிக்கை குறைந்தால் உரிமையும் குறையும் என்ற இந்தக் கணக்கு, ஊரில் நாலு வீடு மட்டுமே உள்ள நம் மக்களுக்குப் பழகிய கணக்குதான். 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தக் குற்றத்தை நீக்கினார்கள். இவர்களிடம் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார் நீதிபதி இந்து மல்ஹோத்ரா.

அதன் பிறகு என்ன நடந்தது என்று கேட்பதைவிட, 2009க்கும் 2013க்கும் இடையில் என்ன நடந்தது என்று கேட்பது பயனுள்ளது. அந்த நான்கு ஆண்டுகளிலும் மனமொப்பிய உறவு குற்றமாக இல்லை. குற்றம் நீங்கினால் மட்டும் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை அந்தக் காலம் காட்டிவிட்டது.

ராமச்சந்திர சிராஸ் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்திப் பேராசிரியர். கவிதைக்கு விருது பெற்றவர். 2010 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு, கேமராவோடு சிலர் அவருடைய வளாக வீட்டுக்குள் நுழைந்து, இன்னொரு ஆணுடன் அவர் இருந்ததைப் படம் எடுத்தார்கள். குற்றம் செய்தவர்கள் உள்ளே நுழைந்தவர்கள். ஆனால் ஒழுக்கக்கேடு என்று சொல்லிப் பல்கலைக்கழகம் சிராஸைப் பணியிடை நீக்கம் செய்தது. வளாக வீட்டையும் விட்டு அவர் வெளியேற வேண்டியதாயிற்று. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. ஊருக்குள் வாடகை வீடு தேடி அலைந்தார். வழக்கில் வென்றார்: ஏப்ரல் 1 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பணியிடை நீக்கத்துக்குத் தடை விதித்தது. ஒரு வாரத்துக்குள், வாடகை வீட்டில் இறந்து கிடந்தார்.

இந்த நிகழ்வில் இரண்டு கதவுகள் உள்ளன. ஒன்று பல்கலைக்கழகத்தின் கதவு. அது மத்திய அரசின் நிறுவனம் என்பதால், அடிப்படை உரிமையைக் காட்டி அவரால் நீதிமன்றம் போக முடிந்தது. மற்றொன்று வீட்டு உரிமையாளரின் கதவு. "உனக்கு வீடு இல்லை" என்று ஒருவர் சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டுவது? 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பேசுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை, தனியார் வேலையும் இல்லை. 2005இல் ஜொராஸ்ட்ரிய கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற சங்க விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாடகைக்கு வீடு கேட்டுப் போய், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைச் சந்தித்த எவருக்கும் இந்தத் தீர்ப்பின் கனம் புரியும். தலித்துக்கும் முஸ்லிமுக்கும் தன்பாலீர்ப்பாளருக்கும் அடைபடுவது ஒரே கதவு.

தமிழ்நாட்டு நிலைமையும் இந்தக் கோட்டிலேயே நிற்கிறது. 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முக்கியமான உத்தரவுகளைப் பிறப்பித்தார். பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை விதித்தார். வயதுவந்த இணையரைப் பெற்றோர் புகாரின்பேரில் காவல்துறை துன்புறுத்தக் கூடாது என்றார். 2022இல் காவலர் நடத்தை விதிகளிலேயே இது சேர்க்கப்பட்டது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் காவல்துறை என்பது அரசு. உத்தரவு மீண்டும் அரசின் வாசல்வரைதான் வந்திருக்கிறது.

தனியாரைக் கட்டுப்படுத்தும் சட்டம் எழுதவே முடியாது என்பதில்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், அந்தத் தொற்றுள்ளவருக்கு வேலை, சிகிச்சை, வாடகை வீடு, காப்பீடு எதையும் யாரும் மறுக்கக் கூடாது என்கிறது; 'யாரும்' என்றால் தனியாரும்தான். அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களை அடுக்கும்போது சாதியையும் பாலீர்ப்பையும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் திருநர் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்தது. மீறினால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. சச்சார் குழு 2006இல் சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்றது, வரைவும் தயாரானது, சட்டமாகவில்லை. சசி தரூர் கொண்டுவந்த பாகுபாடு எதிர்ப்புத் தனிநபர் மசோதாவும் அப்படியே போனது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. வீட்டு உரிமையாளரையும் முதலாளியையும் ஒன்றாகக் கட்டும் பொதுச் சட்டம் மட்டும் இல்லை.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1963 வாஷிங்டன் பேரணியை ஒருங்கிணைத்த பேயார்ட் ரஸ்டின் தன்பாலீர்ப்பாளர். அதைச் சொல்லியே செனட்டில் அவரைத் தாக்கினார்கள். அந்தப் போராட்டத்தால் கிடைத்த 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்தியது. அதில் 'பால்' என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லுக்குள் தன்பாலீர்ப்பாளரும் அடங்குவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஜூன் வரை ஆனது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் தன் பாகுபாடு எதிர்ப்புச் சட்டத்தில் சாதியைச் சேர்த்தது நமக்குத் தெரியும், கொண்டாடினோம். அந்தப் பட்டியலில் நமக்கு முன்பே பாலீர்ப்பு இடம்பெற்றிருந்ததை எத்தனை பேர் கவனித்தோம்?

அம்பேத்கர் இதைப் பற்றியெல்லாம் பேசினாரா என்று கேட்பவர்களுக்கு 1934ஆம் ஆண்டு வழக்கு ஒன்றைச் சொல்லலாம். ர.தோ. கர்வே நடத்திய 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' இதழ், தன்பால் உறவு உள்பட வாசகர்கள் கேட்ட பாலியல் ஐயங்களுக்குப் பதில் எழுதியதற்காக ஆபாச வழக்கில் சிக்கியது. கர்வேக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது.

ஒப்புமையை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. தன்பாலீர்ப்பாளர் ஒதுக்கலைத் தீண்டாமை என்று அழைத்து 17ஆம் பிரிவுக்குள் அடைப்பதை நாம் ஏற்கவில்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு, அதை நீர்க்கச் செய்ய வேண்டாம். மற்றொரு வேறுபாடு வீட்டுக்குள் இருக்கிறது. சேரியில் பிறந்த குழந்தைக்குத் தன் இழிவைப் பகிர்ந்துகொள்ளத் தாயும் தந்தையும் உண்டு. தன்பாலீர்ப்புள்ள பிள்ளை முதல் அடியை வாங்குவதே வீட்டில்தான். வீட்டை விட்டு ஓடும் பெண்ணிணையரை மீட்க ஆட்கொணர்வு மனு போடுகிறோம். சாதி மறுத்து மணந்தவர்களுக்கும் அதைத்தான் போடுகிறோம். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்பு, இணையரின் பெயரையும் முகவரியையும் பலகையில் ஒட்டி, தேடுவோர் கையில் கொடுத்துவிடுகிறது. ஒரே பாலினத்தவரின் திருமணத்தை ஏற்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி ஊடகங்கள் பேசிய அளவுக்கு இந்தப் பலகையைப் பற்றிப் பேசவில்லை.

பால்புதுமையர் வட்டாரங்களிலும் சாதி இருக்கிறது. 2015இல் தன் மகனுக்கு மணமகன் தேடி ஒரு தாய் கொடுத்த விளம்பரம் புரட்சி என்று பாராட்டப்பட்டது. சாதி தடையில்லை, ஆனால் ஐயர் என்றால் விருப்பம் என்று அதில் இருந்தது! இதைக் காட்டி அந்த இயக்கமே நமக்கு வேண்டாம் என்போரும் உண்டு. அப்படியானால் அதற்குள் இருக்கும் தலித்துகளை யாரிடம் விட்டுவிடுவது?

வரைவு எழுதும்போது நம் அனுபவம் பயன்படும். பி.சி.ஆர். சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர்மீது குற்றச் செயல் நடந்தால் அது தீண்டாமையின்பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் கருத வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது எதிரியின் வேலை என்கிறது. எந்த வீட்டு உரிமையாளரும் "நீ தன்பாலீர்ப்பாளன், அதனால் தரமாட்டேன்" என்று எழுதிக் கொடுக்கப்போவதில்லை. உறவினர் வருகிறார்கள் என்பார். இப்படி ஓர் அனுமானம் இல்லாத சட்டம் முதல் விசாரணையிலேயே விழும். புகார் கொடுத்தவரின் பெயர் வெளியே வராத ஏற்பாடும் வேண்டும். இது நம் சட்டத்தில் பெரிதாகத் தேவைப்படவில்லை. நம் சாதியை ஊரே அறியும். இவர்களுக்குப் புகார் மனுவே அம்பலமாகிவிடும்.

கடைசியாக ஒன்று, நம்மவர்களை நேராகத் தொடுவது. திருநர் இடஒதுக்கீட்டில் கிரேஸ் பானு போன்ற தோழர்கள் கிடைமட்ட ஒதுக்கீடு கேட்பது ஏன்? ஒரு தலித் திருநங்கை தலித்தாகவும் திருநங்கையாகவும் இருக்கிறார். ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைப் பெற அவரால் முடியாது. 2021இல் கர்நாடகம் அரசுப் பணிகளில் எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் 1 விழுக்காடு கொடுத்தது. பாகுபாடு எதிர்ப்புச் சட்டத்திலும் இதே சிக்கல் வரும். பார்வையற்ற தலித் பெண் ஒருவர்மீது நடந்த பாலியல் வன்முறை வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சாதி, பாலினம், ஊனம் மூன்றும் எப்படிப் பின்னிப் பிணைந்து ஒருவரைத் தாக்குகின்றன என்று பக்கம் பக்கமாக விளக்கியது. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. பிறகு, சாதியின்பேரில்தான் நடந்தது என்பதற்குத் தனிச் சான்று இல்லை என்று சொல்லி, வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கிவிட்டது. விடுதி அறை மறுக்கப்படும் ஒரு தலித் தன்பாலீர்ப்பு மாணவரின் புகாரையும் இன்றைய சட்டம் இப்படித்தான் படிக்கும்: சாதிப் பாதிக்குச் சான்று எங்கே என்று கேட்கும், மறுபாதிக்கு நீதிமன்றமே இருக்காது. ஆகவே எந்த வரைவு நம் மேசைக்கு வந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்து நிகழும் பாகுபாடு அதன் வரையறைப் பிரிவில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.