69 இலட்சம் வாக்குகள் எங்கே போயின?

2019 நவம்பர் 16ஆம் திகதி நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் செல்லுபடியான வாக்குகள் 1 கோடியே 32 இலட்சத்து 52 ஆயிரம். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2024 செப்டம்பர் 21ஆம் திகதி நடந்தது. அதில் 1 கோடியே 33 இலட்சத்து 19 ஆயிரம். வித்தியாசம் 67 ஆயிரம்தான்.

இடைப்பட்ட காலத்தில் ஒரு பெருந்தொற்று வந்து போனது. வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். எரிபொருள் வரிசைகளில் மக்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள், பதவியில் இருந்த ஜனாதிபதி நாட்டைவிட்டே வெளியேறினார். இத்தனைக்கும் பிறகு மொத்த வாக்குகள் அசையவில்லை. குளத்தின் நீர்மட்டம் மாறவில்லை என்பதால் அதே தண்ணீர்தான் கிடக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? உள்ளே எல்லாமே புரண்டிருந்தது. 2019இல் கோட்டாபய ராஜபக்ஷ பெற்றவை 69 இலட்சத்து 24 ஆயிரம் வாக்குகள், 52.25 சதவீதம். 2024இல் அவர் நின்ற அதே மொட்டுச் சின்னக் கட்சியின் சார்பில் நின்ற நாமல் ராஜபக்ஷவுக்குக் கிடைத்தவை 3 இலட்சத்து 43 ஆயிரம், 2.57 சதவீதம். 2024இல் வென்ற அநுர குமார திசாநாயக்கவோ 4 இலட்சத்து 19 ஆயிரத்திலிருந்து 56 இலட்சத்து 35 ஆயிரத்துக்குப் போனார்.

கோட்டாபயவின் வாக்காளர்கள் அப்படியே அநுரவிடம் போய்விட்டார்கள் என்று உடனே சொல்லத் தோன்றுகிறது. வரைபடமும் அதற்கு ஒத்துப் பேசுகிறது. நாட்டில் 22 தேர்தல் மாவட்டங்கள். 2019இல் கோட்டாபய 16ஐ வென்றார். 2024இல் அநுர வென்ற 15 மாவட்டங்களும் அந்தப் பதினாறுக்குள் அடங்கியவை. மிஞ்சிய பதுளை மட்டும், இரு முறையும் இரண்டாமிடம் வந்த சஜித் பிரேமதாசவுக்குப் போனது.

ஆனால் வாக்குச்சீட்டில் பெயர் கிடையாது. ஒரே மனிதர் 2019இல் யாருக்கு, 2024இல் யாருக்கு வாக்களித்தார் என்பதை எந்த ஆவணமும் பதிவு செய்வதில்லை. நம் கையில் இருப்பவை இரண்டு கூட்டுத்தொகைகள். அவற்றை இணைக்கும் கோடுகளை நாம்தான் வரைகிறோம். அந்தக் கோடு எவ்வளவு தூரம் தப்பாகப் போகலாம் என்பதை 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் காட்டினார்.

அவர் எடுத்தது 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசனக் கணக்கெடுப்பு. மாநிலம் மாநிலமாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவில்லாதோர் குறைவு. இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு −0.53. குடியேறியவர்கள் நன்றாகப் படித்தவர்கள் என்றல்லவா தோன்றும்? தனி மனிதர்களை வைத்துக் கணக்கிட்டபோது அதே கெழு +0.12 ஆயிற்று, குறியே தலைகீழ். உண்மையில் குடியேறியவர்களிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகம். ஆனால் உள்ளூர் மக்கள் நன்கு படித்திருந்த மாநிலங்களில்தான் அவர்கள் போய்க் குடியமர்ந்தார்கள். மாநிலத்தின் குணத்தை மனிதனின் தலையில் ஏற்றியதால் வந்த பிழை அது. மாவட்ட முடிவை வைத்துக்கொண்டு “இன்னார் இன்னாருக்குப் போட்டார்கள்” என்று நாம் பேசும் ஒவ்வொரு முறையும் இந்தப் பிழையின் வாசலில்தான் நிற்கிறோம்.

அப்படியானால் எதையுமே உறுதியாகச் சொல்ல முடியாதா? முடியும். வாக்கு நகர்வுகளை ஆராயும் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ராபின்சனின் கட்டுரைக்கு மூன்று ஆண்டுகள் கழித்து டங்கன், டேவிஸ் என்ற இருவர் மிக எளிய ஒரு யோசனையைச் சொன்னார்கள். உண்மை எது என்று தெரியாவிட்டால் இருக்கட்டும். கூட்டுத்தொகைகள் எதை அனுமதிக்கவே அனுமதிக்காது என்று பாருங்கள். கழிக்கத் தெரிந்தால் போதும்.

அநுரவின் 56 இலட்சத்து 35 ஆயிரத்தில் செய்து பார்ப்போம். 2019இல் அவருக்கு வாக்களித்த 4 இலட்சத்து 19 ஆயிரம் பேரும் ஒருவர் குறையாமல் மீண்டும் அவருக்கே வாக்களித்ததாக வைப்போம். வாக்காளர் இடாப்பு இந்த ஐந்து ஆண்டுகளில் 11 இலட்சத்து 48 ஆயிரத்தால் கூடியது. இறந்தவர்களின் பெயர்கள் நீங்கிய இடத்துக்கு வந்தவர்களையும் சேர்த்து, புது வாக்காளர்களைத் தாராளமாக 20 இலட்சம் என்றே கொள்வோம். அத்தனை பேரும் அவருக்கே. 2019இல் வாக்களிப்பு நிலையத்தின் பக்கமே வராத 26 இலட்சம் பேரும், வாக்கு நிராகரிக்கப்பட்ட 1 இலட்சத்து 35 ஆயிரம் பேரும் அவருக்கே. எல்லாம் கூட்டினால் 51 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தொடவில்லை. இன்னும் 4 இலட்சத்து 75 ஆயிரத்துக்கு மேல் வேண்டும். அவர்கள் 2019இல் வேறு ஒருவருக்கு வாக்களித்தவர்களாகத்தான் இருந்தாக வேண்டும். யாரையும் ஒரு கேள்வி கேட்காமல், எந்தச் சீட்டையும் பிரித்துப் பார்க்காமல் இதைச் சொல்ல முடிகிறது.

இது தரைமட்டம், உண்மை எண்ணிக்கை இதைவிட எவ்வளவோ மேலே இருக்கும். 2024இலும் 35 இலட்சம் பேர் வாக்களிக்கப் போகவில்லை. முன்பு போகாதவர்கள் எல்லாரும் இம்முறை வந்து ஒரே சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டார்கள் என்று யார் நம்புவார்? கோட்டாபய பக்கத்துக் கணக்கு இதைவிடக் கறாரானது. அவருடைய 69 இலட்சத்தில் குறைந்தது 65 இலட்சத்து 80 ஆயிரம் பேர் நாமலுக்கு வாக்களிக்கவில்லை. சிலர் இறந்திருப்பார்கள், சிலர் வீட்டில் இருந்திருப்பார்கள், சிலர் மொட்டுக் கட்சி உறுப்பினர்கள் பலரின் ஆதரவோடு சுயேச்சையாக நின்ற ரணில் விக்ரமசிங்கவுக்குப் போட்டிருப்பார்கள். அநுரவிடம் எத்தனை பேர், சஜித்திடம் எத்தனை பேர் என்பதைக் கழித்தலால் பிரிக்க முடியாது. அதற்குத் தொகுதி தொகுதியாக 160 முடிவுகளையும் எடுத்து, எங்கே ஒருவர் அதிகம் இழந்தாரோ அங்கே மற்றவர் அதிகம் பெற்றாரா என்று பார்க்கும் புள்ளியியல் முறைகள் வேண்டும். லியோ குட்மன் 1953இல் தொடங்கிவைத்த அந்த வழியையும் தரைமட்டக் கணக்கையும் 1997இல் கேரி கிங் ஒன்றாக இணைத்தார். அவை தருவது மதிப்பீடு. கழித்தல் தருவது உறுதி. இரண்டையும் ஒரே குரலில் அறிவிக்கும் தொலைக்காட்சி விவாதங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

வரைபடம் மறைக்கும் இன்னொன்றை யாழ்ப்பாணத்தில் பார்க்கலாம். 2019இல் சஜித் வென்ற மாவட்டம் அது, 2024இலும் அவரே வென்றார். நிறம் மாறவில்லை, எதுவும் நடக்கவில்லை போல இருக்கிறது. ஆனால் முதல் முறை அவருக்கு 83.86 சதவீதம், இரண்டாம் முறை 32.6. மொத்த வாக்குகள் இரு முறையும் 3 இலட்சத்து 70 ஆயிரத்தைச் சற்றே தாண்டின. சஜித் 3 இலட்சத்து 12 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்து 21 ஆயிரத்துக்கு இறங்க, சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 1 இலட்சத்து 16 ஆயிரமும் ரணில் 84 ஆயிரமும் பெற்றார்கள். இலங்கைத் தமிழரசுக் கட்சி 2024இலும் சஜித்தைத்தான் ஆதரித்தது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

என் எண்ணம் இது: 2019இல் விழுந்த அந்த 84 சதவீதத்தில் பெரும்பங்கு சஜித்துக்கானது அல்ல, கோட்டாபயவுக்கு எதிரானது. போர் முடிந்த மறு ஆண்டிலேயே, மகிந்த ராஜபக்ஷவை எதிர்த்து நின்ற, போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் வாக்களித்தார்கள். அது பொன்சேகாமேல் கொண்ட பற்றா? எதிரே நிற்பவர் மாறியதும் 2024இல் வாக்குகள் தம் இயல்பான பிரிவுகளுக்குத் திரும்பின. “தமிழர்கள் சஜித் பக்கம்” என்ற ஒற்றை வரி எவ்வளவு மனிதர்களை விழுங்கியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

வாக்களிக்காததும் ஒரு நகர்வுதான். 2005இல் புலிகள் திணித்த புறக்கணிப்பால் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். இடாப்பில் இருந்த பெயர்கள் 7 இலட்சம்; போருக்கு அஞ்சி வெளியேறிய பலரின் பெயர்களும் அதில் கிடந்தன. மகிந்த ராஜபக்ஷ ரணிலை வென்ற வித்தியாசம் 1 இலட்சத்து 80 ஆயிரம். அந்தத் தேர்தலில் யார் பக்கம் யார் சாய்ந்தார்கள் என்று கேட்பதைவிட, யாரால் சாவடிக்கு வர முடியவில்லை என்று கேட்பதே பொருத்தம்.

இலங்கை ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் ஒரு சிறிய சன்னல் உண்டு. வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று விருப்புகள் வரை எழுதலாம். முதல் எண்ணிக்கையில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் சீட்டுகள் மீண்டும் எண்ணப்படும். 2024இல்தான் இது முதல்முறையாக நடந்தது. ஒரே மனிதரின் இரண்டு மனங்கள் ஒரே தாளில் தெரியும் அரிய இடம் அது. ஆனால் மீண்டும் எடுக்கப்பட்ட 33 இலட்சத்துச் சொச்சம் சீட்டுகளிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 1 இலட்சத்து 5 ஆயிரம், சஜித்துக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம். 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளில் இருவருக்கும் எதுவும் இல்லை. சன்னல் இருந்தும் பலர் அதைத் திறக்கவில்லை. இது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மக்களிடமே கேட்டுவிடலாமே என்றால், எப்போது கேட்கிறோம் என்பது முக்கியம். தேர்தல் முடிந்து ஆண்டுகள் கழித்துக் கேட்டால் நினைவு வென்றவர் பக்கம் நகர்ந்துவிடுவது பல நாடுகளில் கண்ட உண்மை. வென்றவர் பின்னர் வெறுக்கப்பட்டால் அவருக்கு வாக்களித்தவர்களைத் தேடிப் பிடிப்பதே கடினம். இதைத் தவிர்க்க, 1940இல் ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது போல் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் அதே 600 பேரை மாதந்தோறும் சந்தித்துக் கேட்டுப் பதிந்தார்கள். மனம் மாறும்போதே குறித்துவைப்பது அந்த முறை.

2024 நவம்பர் 14ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல் நடந்து 54 நாட்களில், அதே வாக்காளர் இடாப்பை வைத்து நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. யாழ் மாவட்டத்தில் செப்டம்பரில் அநுரவுக்குக் கிடைத்தவை 27,086 வாக்குகள். நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு 80,830. மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அக்கட்சி பெற்றது. இடாப்பில் புதுப் பெயர்கள் சேரவில்லை, மொத்த வாக்குகளும் முந்தியதைவிடக் குறைவு. ஆகவே செப்டம்பரில் அநுரவுக்கு வாக்களிக்காத குறைந்தது 53,744 பேர் நவம்பரில் அவர் கட்சிக்கு வாக்களித்தார்கள். சங்கிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், சஜித்திடமிருந்தும் ரணிலிடமிருந்தும் எத்தனை பேர் என்பதை அவர்களிடம் போய்க் கேட்டால்தான் தெரியும். நினைவு நகர்வதற்குள் கேட்க வேண்டும்.