உங்களுக்குத் தெரியுமா? சாமை சுருங்கியது உமியாலும்தான்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விதைத்து வந்தார்கள். சாமையின் பரப்பு சுருங்கியதற்கு மரவள்ளியைத்தான் பலரும் காரணம் காட்டுகிறார்கள். சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகிறது, கையில் காசு வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்காவது ஒரு துண்டு நிலத்தில் சாமை போட்டிருக்கலாமே, அதையும் ஏன் விட்டார்கள்? உமியைப் பாருங்கள். கேழ்வரகை அப்படியே திரித்து மாவாக்கலாம். சாமை, தினை, பனிவரகு மணிகளையோ கெட்டியான உமி மூடியிருக்கிறது. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தினால்தான் அரிசி கிடைக்கும். அந்தப் பாடு பெரும்பாலும் பெண்களுடையது. ரேஷன் அரிசி நேரே உலைக்குப் போகிறது.

நல்ல விலை கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். விலை, விற்கும் தானியத்துக்குத்தான் உதவும். வீட்டில் குத்தும் நேரத்தை அது குறைக்காது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலை ஊர்களுக்கே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோனதை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின, அரிசியாக்கியும் விற்றன. மரவள்ளிக்குப் பதில் சாமை திரும்பினால் மண்ணுக்கும் லாபம் உண்டு: கிழங்கு பிடுங்கும்போது சரிவு நிலம் கிளறப்பட்டு மழையில் அரிக்கும், சாமையை அறுத்தால் வேர் மண்ணிலேயே தங்கும்.