பக்கவாதத்திற்குப் பிந்தைய கை இயக்க மீட்பில் மூளைத் தூண்டல்: ஒரு கருதுகோளும் அதன் சோதனையும்

பக்கவாதத்திற்குப் பின் நடை ஓரளவு திரும்பிய நோயாளிகள் பலருக்குக் கையின் இயக்கம் திரும்புவதில்லை. குவளையைப் பற்றவும் சட்டைப் பொத்தானை மாட்டவும் வேண்டிய விரல் நுணுக்கத்தை மீட்க, இடைவிடாத இயன்முறைப் பயிற்சியே அடிப்படை. மண்டையோட்டைத் திறக்காமல் மூளையைத் தூண்டி அப்பயிற்சியின் பயனைப் பெருக்க இயலுமா என்பது கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது.

இதற்கு இரு கருவிகள் பெரிதும் பயன்படுகின்றன. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர், தலைமேல் வைத்த கம்பிச்சுருளின் காந்தத் துடிப்பால் மூளைப் புறணியைத் தூண்டிக் கைத்தசையை அசையச் செய்தனர். இத்துடிப்பை நொடிக்கு ஒன்று என்ற மெதுவான வீதத்தில் தொடர்ந்து செலுத்தினால் அப்பகுதியின் கிளர்ச்சி பொதுவாகத் தணியும். விரைவான வீதத்தில் செலுத்தினால் உயரும். மற்றொன்று மெல்லிய நேர்மின்னோட்டம். 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்சே, பவுலஸ் ஆகியோர் 1 மில்லி ஆம்பியர் அளவிலான மின்னோட்டமே இயக்கப் புறணியின் கிளர்ச்சித்தன்மையை மாற்றுவதைக் காட்டினர். இம்மின்னோட்டம் நரம்பணுக்களை நேரடியாகத் துடிக்கச் செய்வதில்லை. அவை துடிப்பதற்கான வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும் செய்கிறது.

மூளையின் எப்பக்கத்தைத் தூண்டுவது என்பதற்கு ஒரு கருதுகோள் வழிகாட்டியது. இயல்பான மூளையில் இரு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று அளவோடு அடக்கி வைக்கின்றன. ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று கட்டுப்பாடின்றி அதனை மேலும் ஒடுக்குகிறது; எனவே நலமான பக்கத்தைத் தணித்தால் பழுதுற்ற பக்கம் மீளும் என்பதே அக்கருதுகோள். கேட்டவுடன் ஏற்கத் தூண்டும் எளிமை இதற்கு உண்டு. சிறிய ஆய்வுகள் சில இதற்கு ஆதரவாகவும் அமைந்தன.

பெரிய சோதனை வேறு விடை தந்தது. அமெரிக்காவின் 12 மையங்களில் நடைபெற்று 2018இல் வெளியான 'நிச்' ஆய்வில், பக்கவாதம் கண்டு 3 முதல் 12 மாதங்களான 199 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நலமான பக்கத்தில் மெதுவான காந்தத் தூண்டலும், மற்றவர்களுக்குப் போலித் தூண்டலும் அளிக்கப்பட்டன; கைப்பயிற்சி இரு பிரிவினருக்கும் பொது. ஆறு மாதங்களுக்குப் பின் ஃபூகல்-மேயர் கை அளவையில் 5 புள்ளிகளோ அதற்கு மேலோ முன்னேறியோர், உண்மைத் தூண்டல் பெற்றோரில் 67 விழுக்காடு. போலித் தூண்டல் பெற்றோரில் 65 விழுக்காடு. போலிப் பிரிவு இல்லாதிருந்தால், அந்த 67 விழுக்காடு முழுவதும் காந்தத்தின் வெற்றியாகவே எழுதப்பட்டிருக்கும்.

இம்முடிவைத் தூண்டல் முறையின் தோல்வி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே கருதுகோளைப் பொருத்தியதையும் ஐயுற வேண்டும். 2014இல் தி பீனோ குழுவினர் முன்வைத்த மாதிரியின்படி, நரம்புப் பாதைகள் பெரிதும் எஞ்சியுள்ளவருக்கே நலமான பக்கத்தின் ஒடுக்கம் தடையாகும். பாதைகள் பெரும்பகுதி அழிந்தவருக்கு அந்தப் பக்கமே ஊன்றுகோல். அதைத் தணிப்பது தீங்காகவும் முடியலாம்.

ஆகவே, தூண்டுவதற்கு முன் பாதை எஞ்சியுள்ளதா என்று அறிவது முதன்மையாகிறது. இதற்கும் காந்தத் துடிப்பே உதவுகிறது. பழுதுற்ற பக்கத்தில் ஒற்றைத் துடிப்பைச் செலுத்தும்போது கைத்தசையில் மின் எதிர்வினை தோன்றினால் பாதை உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினர், பக்கவாதம் நேர்ந்த முதல் சில நாள்களிலேயே, கையசைவு மிகக் குன்றிய நோயாளிகளிடம் இச்சோதனையை நிகழ்த்தி, கை எந்த அளவுக்கு மீளும் என்பதை முன்கணிக்கின்றனர்.